கூறைப்புடவைக்குக் குடை பிடித்தவர்

"இன்னாங்க இது, கை இப்படி ஆயிடுச்சு?" என்று அலமு இரண்டு உள்ளங்கைகளையும் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "மருதாணி நல்லாப் பத்தியிருக்குதே."

"மருதாணியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பொங்கலுக்குக் குடுக்க மறந்துட்டு நேத்து கொண்டாந்து குடுத்தீங்களே புடவை, அதுக்கு முந்தானை ஓரத்துல மஞ்சள் குழைச்சு வெச்சேன். ஈரம் பட்டதும் அம்மாம் சிவப்பும் என் கைக்கு வந்துடுச்சு."

புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்தும் பழக்கம் அலமுவுக்குக் கிடையாது. அந்தப் பழக்கம் இப்படி ஒரு வினையை வீட்டுக்குள் கொண்டுவரும் என்று அவள் நினைக்கவில்லை. துரைக்கண்ணு புடவை ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தார். விரல் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்தது.

காந்தி ரோட்டில் அவருடைய பட்டுக்கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு உண்டு. 'எங்கள் பட்டு சாயம் போகாது.' கடை திறந்த நாளிலிருந்து ஒரு புடவைகூடத் திரும்பி வந்ததில்லை என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். போன வருஷம் பழனி என்ற சாயக்காரர் தோய்த்த நூலில் கொஞ்சம் சாயம் கசிந்துவிட்டது. கடை ஆட்கள், தறிக்காரர்கள் எல்லாரையும் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே பழனியை வெளியே அனுப்பினார் துரைக்கண்ணு. "தரம்னா தரம்தான்" என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நாணயமான முதலாளி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"கண்ணாயிரம் தொலைஞ்சான்!" என்று இப்போது துள்ளி எழுந்தார். கண்ணாயிரம் என்பது பழனிக்குப் பிறகு வந்த சாயக்காரர்.

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதே சாயத்தில் தோய்த்த பட்டில் நெய்தது இரண்டு புடவை. ஒன்று அலமுவுக்கென்று அவரே எடுத்து வைத்தது. இன்னொன்று தென்னேரி முனிசாமி மகன் கல்யாணத்துக்கு விற்றது. சாதாரணப் புடவை என்றாலும் பரவாயில்லை. மருமகளுக்குக் கட்டும் கூறைப்புடவை. கல்யாணமோ நாளைக்கு!

"ஓடிப்போய்ச் சொல்லிட்டு வேற புடவை குடுத்துட்டு வாங்களேன்" என்றாள் அலமு.

"கல்யாண வீட்டு வாசல்ல நின்னு, 'உங்க மருமவ கூறைப்புடவை கரைஞ்சுபோவும்'னு சொல்லச் சொல்றியா? அபசகுனம்னு அடிக்க வருவாங்க. கடைப் பேரும் காத்துல போயிடும்."

நாணயமாக நடந்துகொள்வது என்று துரைக்கண்ணு முடிவு செய்தார். ஆனால் அது யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டும்.

கடையிலேயே உசத்தியான அரக்குப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறினார். கூடவே, கடை தொடங்கிய நாள் முதல் விற்பனை பார்க்கும் அப்பாதுரையையும் ஏற்றிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் அப்பாதுரைக்கு முகம் வெளிறிவிட்டது.

"எதுக்கு மொதலாளி அலையறீங்க? ஒண்ணும் ஆவாது."

"உனக்கு இன்னாய்யா தெரியும்?"

அப்பாதுரை கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தென்னேரியில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். முனிசாமி ஓடிவந்து காரின் கதவைத் திறந்தார். வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்த அவர் மனைவி பொன்னியம்மாள், துரைக்கண்ணுவைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டாள். பெரிய மனிதர் வீடு தேடி வந்த பதற்றம் என்று துரைக்கண்ணு நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைமா, அந்தக் கூறைப்புடவையை ஒருவாட்டி பாக்கணும். முந்தானைக்குக் குஞ்சம் சரியாக் கட்டலைன்னு ஒரு சந்தேகம்."

"குஞ்சமெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது" என்றாள் பொன்னியம்மாள், கதவை மறித்து நின்றபடி. "சாமிகிட்ட வெச்சுப் படைச்சாச்சு. இனிமே யாரும் தொடக்கூடாதுங்க."

"அப்படின்னா அதை எங்கிட்ட குடுத்துட்டு இதை எடுத்துக்கங்க. இது இன்னும் உசத்தி. காசு ஒண்ணும் வேணாம்."

இதைச் சொன்னதுதான் தப்பாய்ப் போயிற்று. பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

"உசத்தியைக் குடுத்துட்டு மட்டத்தை வாங்கிக்கினு போறாராம்! எந்த ஊர் யாவாரிப்பா இப்படிச் செய்வான்?" என்றார் ஒருவர்.

"ஜரிகையில தங்கம் தப்பா அதிகமாச் சேந்துபோயிருக்கும். இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காரு" என்றார் இன்னொருவர்.

முனிசாமி சட்டென்று உள்ளே போனார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த புடவையை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல வெளியே வந்தார்.

"மொதலாளி, நாளைக்கு நீங்க வந்து முன் வரிசையில உக்காரணும். வரலைன்னா எனக்குத் தலைகுனிவு."

பொழுது சாய்வதற்குள் அது தங்கப்புடவை என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. திரும்பும் வழி முழுவதும் துரைக்கண்ணு கண்ணாயிரத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். அப்பாதுரை வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் துரைக்கண்ணு ஒரு புதுத் திட்டத்தோடு புறப்பட்டார். புடவையை மாற்ற முடியாது. சரி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, பெண் புடவை மாற்றும் வரைக்கும் ஒரு சொட்டு விழாமல் காத்துவிட்டால் போதும். அங்கவஸ்திரமும் கையுமாகக் கிளம்பியவர், கூடவே ஒரு கறுப்புக் குடையையும் எடுத்துக்கொண்டார்.

"தை மாசத்துல குடையா?" என்றாள் அலமு.

கல்யாணத்தில் எத்தனை தண்ணீர் புழங்கும் என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. வாசலில் ஒரு சின்னப் பெண் பன்னீர்ச் செம்போடு வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு நயமாகப் பேசி அதை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்தார். அவள் 'ஓ'வென்று அழுதாள். மூன்று பெண்கள் வந்து சமாதானம் செய்தார்கள். கூடவே இன்னொரு செம்பு நிறையப் பன்னீரும் கொண்டுவந்தார்கள்.

அதற்குள் கூறைப்புடவைத் தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெண் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். ஏலவார்குழலி என்று பெயர். ஒல்லியான பெண். தலையை நிமிர்த்தாமல், மடியிலிருந்த கொசுவத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். நீவிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இந்த மாதிரிப் புடவையை அவள் இதுவரை தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று துரைக்கண்ணுவுக்குத் தோன்றியது.

இந்தக் குழந்தையின் மடியில் சிவப்பு ஒழுகினால் ஆயுசுக்கும் மறப்பாளா? காந்தி ரோடு, போர்டு, கடைப் பேர் எல்லாம் அந்த நிமிஷம் அவருக்கு மறந்தே போயிற்று.

ஐயர் மாவிலையைக் கலசத்தில் தோய்த்து ஓங்கினார். துரைக்கண்ணு பாய்ந்து போய்ப் பெண்ணின் தலைக்கு மேல் குடையை விரித்தார்.

நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பந்தல் கூரையை அண்ணாந்து பார்த்தார். "மழையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெயில்" என்றார் துரைக்கண்ணு.

"பந்தலுக்குள்ளயா?"

"மொதலாளி, வந்துடுங்க மொதலாளி" என்று பின்னாலிருந்து அப்பாதுரை கெஞ்சினார்.

குடைக்கம்பி தோரணத்தில் மாட்டிக்கொண்டது. துரைக்கண்ணு இழுத்தார். வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தார். தோரணம் அறுந்தது. குடை பின்னால் போய், தாரை வார்க்கத் தயாராக நின்ற பெண்ணின் தாயார் கையிலிருந்த செம்பைத் தட்டிவிட்டது. செம்புத் தண்ணீர் முழுவதும் ஏலவார்குழலியின் மடியில் கொட்டியது.

"யாரும் தொடாதீங்க!" என்று அலறினார் துரைக்கண்ணு. மணைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மா, என்னை மன்னிச்சுக்கமா. இந்தப் புடவை சாயம் போவும். நேத்தே தெரியும். கடைப் பேருக்குப் பயந்து சொல்லாம மறைச்சுட்டேன்."

பந்தலே எழுந்து நின்றது. பெண்ணின் மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க வூட்டுப் பொண்ணுக்குச் சாயம் போற கூறையா? எவன்யா சாயம் போட்டவன்? பேரைச் சொல்லு, கையை ஒடிச்சுடறேன்!"

துரைக்கண்ணு தலையைத் தூக்கினார். கூட்டத்துக்குப் பின்னால், பந்தல் மூங்கிலைப் பிடித்தபடி கண்ணாயிரம் நின்றுகொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார். இவர் எப்படி இங்கே வந்தார் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. நேற்றிலிருந்து துரைக்கண்ணுவின் நாக்கு நுனியிலேயே இருந்த பெயர் அது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

"சாயம் போட்டவன் பேரு உங்களுக்கு எதுக்கு?" என்றார். "சோதிச்சுப் பாக்காம வித்தவன் நானு. கையை ஒடிக்கணும்னா என் கையை ஒடிங்க."

சொல்லிவிட்டுத் தன் வெள்ளை அங்கவஸ்திரத்தால் பெண்ணின் மடியை ஒற்றி எடுத்தார். பயந்துகொண்டே பிரித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. மறுபடி ஒற்றினார். பிழிந்தார். சுத்தமான தண்ணீர்தான் சொட்டியது.

"எங்கய்யா சாயம்?" என்றார் மாமன்.

"போவும்" என்றார் துரைக்கண்ணு, கவலையோடு. "கொஞ்சம் பொறுங்க, போவும்."

"அது போவாதுங்க." பொன்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். "நீங்க வித்த புடவை சாயம் போவுதுன்னு நான் மஞ்சள் வெக்கும்போதே கண்டுட்டேன். போன மாசமே உங்க கடைக்கு எடுத்தாந்தேன், நீங்க இல்லை. அப்பாதுரை அண்ணனும் கண்ணாயிரமும் என் காலைப் புடிக்காத குறைதான். மொதலாளி காதுல விழுந்தா பழனிக்கு ஆன கதிதான் எங்களுக்கும், வாயைத் தொறக்காதேமான்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. சாயக்காரங்க, தறிக்காரங்க எல்லாம் சேந்து ராவும் பகலுமா ஒழைச்சு அச்சு அசலா அதே மாதிரி இதைப் புதுசா நெய்து குடுத்தாங்க."

துரைக்கண்ணு மெல்லத் திரும்பி அப்பாதுரையைப் பார்த்தார். அப்பாதுரை பந்தல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழியைத் தன் தலையில போட்டுக்கற மனுசன் நீங்கன்னு யாருக்குங்க தெரியும்?" என்றாள் பொன்னியம்மாள். "தெரிஞ்சிருந்தா நேரா உங்ககிட்டயே வந்திருப்போமே!"