குளிர்கைச் சாமியும் கழுத்துப் பட்டை கட்டிய கிடாவும்

திருவொற்றியூரில் ரத்தக் கொதிப்பு ஒழிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒழித்தவர் குளிர்கைச் சாமி. மருந்தில்லை, மாத்திரையில்லை, பத்தியம்கூட இல்லை. கழுத்தில் கை வைப்பார், கொதிப்பு இறங்கிவிடும். ராயபுரத்திலிருந்து வந்தார்கள், எண்ணூரிலிருந்து வந்தார்கள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தலையில் சுமந்தபடியும் வந்தார்கள். சாமியைக் கண்டு கன்டெய்னர் லாரிகளே அசையாமல் நின்றனவாம். அது தினமும் நடக்கிற நெரிசல் என்று சிலர் சொன்னார்கள். நாத்திகர்கள்!

பருப்பு மொத்த வியாபாரி வெள்ளத்துரை, தெற்கத்திக்காரர், தன் பழைய குடோனையே சாமிக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அங்கேதான் தரிசனம்.

முதலில் ஒரு கறுப்புக் கிடா வரும். சாமி அதன் கழுத்தின் இருபுறமும் கை வைத்துக் கண்ணை மூடுவார். கிடா முன்னங்கால்களை மடக்கிச் சரியும்.

"வாயில்லா ஜீவன் நடிக்குமோ?" என்பார் சாமி.

நடிக்காதுதான். பிறகு மனிதர்கள் சரிவார்கள். சரிந்த கையோடு பிரஷர் மெஷினை மாட்டுவார்கள். எண் இறங்கியிருக்கும். மெஷினும் பொய் சொல்லவில்லை. வேடிக்கையே அதுதான்.

காசிமேட்டில் மீன் விற்கும் கெங்கம்மா போன வாரம் சரிந்து எழுந்தாள். எழுந்ததும் வீட்டுக்குப் போய் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். அவள் மகள் செங்கொடி கால்நடை மருத்துவர். முரட்டு எருமைகூட அவள் சொன்னால் கேட்கும். அம்மா கேட்க மாட்டாள்.

"இன்னாத்துக்குடி மாத்திர? மெஷினே எறங்கிச்சுன்னு சொல்லுது."

"அப்பால இன்னாத்துக்கு தலைய புடிச்சிக்கினு குந்திகினு கீற?"

"அது கொதிப்பு வெளிய போற வலிடி. சாமியே சொன்னாரு. வெள்ளிக்கெழம பெரிய தொடல் வேற கீது. ரெண்டு பக்கமும் சேத்து அமுக்குவாராம். ஜென்மத்துக்கும் பிரஷர் வராது."

ஆபத்து செங்கொடிக்குத் தெரியும். அம்மாவின் வயதில் கழுத்துக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கும். அழுத்துகிற அழுத்தில் ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால், கை கால் விழுந்துவிடும். எடுத்துச் சொன்னாள், கத்தினாள், கடைசியில் அழுதேவிட்டாள். கெங்கம்மா வெள்ளிக்கிழமைக்குப் புதுப்புடவை எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை செங்கொடியும் கூடவே போனாள். பையில், காயம்பட்ட நாய்களுக்குக் கட்டுகிற அகலமான கெட்டிக் கழுத்துப் பட்டை ஒன்று இருந்தது. கிடா வந்ததும் எழுந்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். சக்தி உங்க கையில கீதா, ஆட்டுக் கழுத்துல கீதா?"

"எமது கரத்தில் உறைகிறது, மகளே."

"அப்ப ஆட்டுக் கழுத்துல இந்தப் பட்டைய கட்டிடறேன். மத்த எடத்துல எங்க தொட்டாலும் அது வுழணும் இல்ல?"

"தெய்வத்தைச் சோதிக்கலாகாது!"

கூட்டம் செங்கொடியை முறைத்தது. அப்போது வெள்ளத்துரை எழுந்தார். சாமிமேல் அவருக்கு இருந்த பக்தியே சாமிக்கு வினையாக வந்தது.

"அதுக்கென்ன சாமி? நான் பருப்பையே மூட்டய குத்திப் பாத்துதான் வாங்குதேன். சோதிச்சா ஒங்களுக்குத்தான பெரும? தொடுங்க, இந்தப் பிள்ளைக்கும் புத்தி வரட்டும்."

பட்டை ஏறியது. சாமி கிடாவின் நெற்றியைத் தொட்டார். அது அவர் கைத் திருநீற்றை நக்கியது. முதுகைத் தொட்டார். அவர் கழுத்துத் துளசி மாலையைத் தின்றது. பொறுமையிழந்து விலாவில் ஓங்கி அழுத்தினார். கிடா திரும்பி ஒரு முட்டு முட்டியது.

"அய்ய! பேஜார் புடிச்ச ஆடே!"

'எமது கர'மும் 'மகளே'யும் பறந்துபோய், சாமியின் சொந்தத் தமிழ் வெளியே வந்தது.

செங்கொடி பட்டையைக் கழற்றினாள். தாடைக்குக் கீழே இருபுறமும் விரல் வைத்தாள். கிடா மடிந்து சரிந்தது. உடனே கையை எடுத்தாள்; சற்று நேரத்தில் அது எழுந்து மிச்ச மாலையைத் தேடியது.

"பாத்துக்கங்க, எனக்கும் சக்தி வந்துடுச்சு" என்றாள். "மூளைக்குப் போற ரத்தக் குழாயில, இந்த எடத்துல ஒரு நரம்பு காவலுக்கு கீது. ஆட்டுக்கும் கீது, நமக்கும் கீது. ரத்த அழுத்தம் ஏறுனா குழாய் விரியும். நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். மூளை இதயத்த மெதுவா அடிக்கச் சொல்லும், குழாயெல்லாம் தளரும், அழுத்தம் எறங்கும். வெளிய இருந்து கையால அமுக்குனா, நரம்பு ஏமாந்து அதே சேதிய சொல்லிடும். எறங்கக் கூடாத நேரத்துல அழுத்தம் எறங்கும். மயக்கம் வரும். கைய எடுத்தா பழையபடி ஏறிக்கும்."

"இன்னாடி சொல்ற? அப்ப எனக்கு எறங்குனது?" என்றாள் கெங்கம்மா.

"இன்னிக்கு இன்னும் உன்ன தொடல. போன வாரம் எறக்குனாரே, அது எறங்கியே கீதான்னு பாரும்மா."

சாமியின் மெஷினையே மாட்டினார்கள். எண்ணைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவு ஏற்றம்.

"நீங்க என்ன தொட வுடாததாலதான் ஏறிடுச்சு..." என்று சாமி ஆரம்பித்தார். கெங்கம்மா மீன்கூடையைத் தூக்குகிற வேகத்தில் எழுந்ததைப் பார்த்துப் பின்வாசலை நோக்கி நகர்ந்தார். அங்கே வெள்ளத்துரை நின்றுகொண்டிருந்தார்.

"இருங்க சாமி, போலீசுக்குச் சொல்லியிருக்கேன். கதவு எனக்குச் சொந்தமுல்லா."

செங்கொடி அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். புதுப்புடவை வியர்வையில் நனைந்திருந்தது.

"மருந்துக் கட தொறந்து கீதாடி?" என்றாள் கெங்கம்மா, மகள் முகத்தைப் பார்க்காமல்.

"தொறந்துதான் கீது. வா, மொதல்ல டாக்டராண்ட போலாம்."

கழுத்து நரம்பு ஏமாந்ததை மன்னித்துவிடலாம். அதற்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும். அழுத்துகிறவன் யார், எதற்கு அழுத்துகிறான் என்று யோசிக்கத் தெரியாது. அந்த வேலைக்கென்றே கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது, ஐயா. மாலை போட்டுக்கொள்ளும்போது இடிக்கிறதே, அதுதான்.