பல் பிடுங்கிய வீடு

சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள், அன்று காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாய்க்குள் பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீ பேசாத. மூணு நாளைக்குப் பேச்சைக் குறைக்கணும், குனியக்கூடாது, அடுப்புப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்கன்னு கையை மட்டும் காட்டு."

மனைவி கையைக் காட்டினாள். அவர் வரிசையாகத் திறந்தார். உப்பு, மிளகு, சோப்புத் தூள், மறுபடியும் அதே உப்பு. ஐந்தாவது டப்பாவுக்குக் கை நீட்டும்போது அவள் பின்னால் வந்து நின்று, சர்க்கரையை எடுத்து நீட்டினாள்.

"அட, நீ எதுக்கு எழுந்திருச்ச? நான் எடுக்கமாட்டேனா?" என்று கடிந்துகொண்டார்.

பெரிய கிடங்கு ஒன்றில் நாற்பது பேரை வேலை வாங்குகிற மனிதர் அவர். வேலை வாங்குவதும் வேலை செய்வதும் ஒன்றுதான் என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். லீவு போட்டிருக்கிறேன், வீட்டை மூன்று நாள் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்திருந்தார்.

கிடங்கில் எல்லாமே சீட்டு எழுதித்தான் நடக்கும். எனவே ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து மனைவியின் மடியில் வைத்தார்.

"இனிமே சைகை வேண்டாம். கஞ்சி எப்படி வைக்கிறதுன்னு எழுது."

அவள் எழுதினாள். படிக்கக் கண்ணாடி வேண்டுமே. வீடெல்லாம் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அவளே எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அது எப்படி அங்கே போனது என்று கேட்க அவளால் முடியவில்லை. அது அவர் செய்த புண்ணியம்.

கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கிடங்குக்குப் போன் போட்டு, வீட்டு வேலை ஒன்றும் கஷ்டமே இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். கஞ்சி அடிப்பிடித்தது. புகை படுக்கையறை வரை போனது. அவள் இருமிய இருமலில் பஞ்சு வெளியே வந்து விழுந்தது, பின்னாலேயே ரத்தமும் வந்தது.

அவர் உண்மையிலேயே பயந்துபோனார். புதுப் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். இதற்குமேல் பெண் துணை இல்லாமல் ஆகாது என்று முடிவுசெய்து, தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

அக்கா அன்று சாயங்காலமே இரண்டு பெட்டிகளோடும் ஒரு கணவரோடும் வந்து இறங்கினாள்.

"எனக்கு முழங்கால் வலிடா, தம்பி. நிக்க முடியாது. ஆனா இவ பக்கத்துல உக்காந்து பேச்சுத் துணையா இருப்பேன்," என்றாள்.

சொன்னபடியே இருந்தாள். நோயாளியின் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தனக்குப் பிடுங்கிய நான்கு பற்களின் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டில் ஒற்றைக் கட்டில் என்பதால் நோயாளி நாற்காலிக்கு மாறினாள்.

பல் எடுத்தவர்களுக்கு ஐஸ்கிரீம் நல்லதாமே என்று மேற்பார்வையாளர் ஒரு பெரிய டப்பா வாங்கி வந்தார். இனிப்பு அதிகமாக இருந்தால் புண்ணுக்கு ஆகாது என்று அக்கா புருஷன் ருசி பார்த்தார். அடி வரைக்கும் பார்த்தார்.

"பரவாயில்ல மாப்ளே, இனிப்பு அளவாத்தான் இருக்கு. இன்னொண்ணு வாங்கினா தங்கச்சிக்குக் கொடுக்கலாம்."

மறுநாள் மேற்பார்வையாளர் துணி துவைத்தார். சிவப்புத் துண்டோடு சேர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டை நான்கும் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. அவற்றை மனைவியிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினார்.

"நாளன்னைக்கு வேலைக்கு எதைப் போட்டுட்டுப் போறது? குனிய வேண்டாம். நின்னுக்கிட்டே ஏதாவது பண்ணமுடியுமா பாரு."

அவள் குனிந்துதான் அலசினாள். வாளி தரையில் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், வீங்கிய கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நான்கு பேருக்கும் அவளே சமைத்தாள். அவளுக்கு மட்டும் கஞ்சி. அழுகை வந்தது. அழுதால் தாடை இழுத்தது, அதனால் அதையும் விட்டுவிட்டாள்.

"பாவம், இவளுக்குச் சும்மா இருக்கவே தெரியலடா," என்றாள் அக்கா, தட்டில் கை வைத்தபடி.

"நானும் மூணு நாளா தலைபாடா அடிச்சுக்கிறேன்க்கா. எங்க கேக்கறா?" என்றார் மேற்பார்வையாளர்.

நான்காம் நாள் காலையில் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். உள்ளே டாக்டர் குரலை உயர்த்துவது வெளியே கேட்டது. புண் கொஞ்சம்கூட ஆறவில்லையாம். மூன்று நாளும் ஓய்வெடுத்தீர்களா இல்லையா என்று கேட்டார். அதற்கு மனைவி சொன்ன பதில் வெளியே கேட்கவில்லை.

மேற்பார்வையாளருக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் பெண்ணிடம் போய் நின்றார்.

"என்னம்மா ஆஸ்பத்திரி நடத்தறீங்க? மூணு நாளா நான் உக்காரல, படுக்கல. சின்னச் சொத்தை. அதை அடைச்சு அனுப்பியிருந்தா இவ்வளவு பாடு உண்டா? முழுப் பல்லையும் எதுக்குப் பிடுங்கணும்?"

அந்தப் பெண் நிமிராமலே சொன்னாள்:

"டாக்டரும் அடைச்சா போதும்னுதான் சார் சொன்னாரு, அன்னைக்கே வீட்டுக்குப் போய் எல்லா வேலையும் பார்க்கலாம்னு. அதைக் கேட்டதும்தான் உங்க வீட்டம்மா, 'அப்ப பிடுங்கிருங்க'ன்னாங்க."