எடுத்த நடவடிக்கை

உலகத்தில் கோளாறைச் சரிசெய்கிறவர்கள் ஓர் இனம். கோளாறைக் கண்டதும் நழுவுகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டிலும் சேராமல் கோளாறைக் குறித்துக்கொள்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் சுலபம். வீடு தீப்பிடித்தால் இவர்கள் வாளியைத் தேட மாட்டார்கள், பேனாவைத் தேடுவார்கள்.

சோப்புத் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கும் நம் பதிவுப்புலியைப் பாருங்கள். மெஷின் நின்றால் திரையில் ஓர் எண் சிவப்பாக மின்னும். ரீசெட் பட்டனை அமுக்கினால் எண் மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே நோட்டில் ஏற்றிவிட வேண்டும். அரை நிமிட வேலை. புலியோ சிவப்புப் பேனா, நீலப் பேனா, கோடு போட ஸ்கேல், கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மூன்றாவதாக ஒரு கடிகாரம் என்று அதைத் தவமாகவே ஆக்கிவிட்டார். பதினாறு வருடத்தில் பதினொரு நோட்டு. எல்லாவற்றிலும் காரணம், 'ஆராயப்படுகிறது'. எடுத்த நடவடிக்கை, 'பதிவு செய்யப்பட்டது'. யார் ஆராய்கிறார்கள்? யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் காலை மெஷின் நின்றது. பத்து நிமிடத்துக்குள் ஓடவிடாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் சோப்புக்கூழ் கல்லாகிவிடும். மெக்கானிக் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சென்சார்ல சோப்பு ஒட்டியிருந்துச்சு, தொடைச்சிட்டேன். ரீசெட் போடுங்க சார்!" என்றபடி பட்டனை நோக்கிக் கையை நீட்டினார்.

"கையை எடுப்பா! எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"இப்பதான் சார்."

"இப்பதான்னு எழுத கட்டம் இல்லைப்பா."

சிவப்புப் பேனா மக்கர் செய்தது. உதறினார், ஊதினார். எழுதியபோது மணியில் வரும் ஏழு என்ற எண் கோணலாக விழுந்தது. பக்கத்தைக் கிழித்துப் புதிதாகக் கோடு போட்டார்.

"உள்ள இறுகிடும் சார், உங்க கால்ல வேணாலும் விழறேன்!"

"எழுத்து அழகா இருந்தாத்தான்பா நாளைக்கு நாலு பேர் படிப்பாங்க."

பதின்மூன்றாவது நிமிடம், பரம திருப்தியோடு புலியே ரீசெட்டை அமுக்கினார். மெஷின் அசையவில்லை. அன்று முழுக்க ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் உளியும் சுத்தியலுமாகக் குழாயைக் குடைந்தார்கள்.

மேனேஜர் வந்து கத்தினார்: "என்னய்யா காரணம்?"

மெக்கானிக் புலியையே பார்த்தார். பதினாறு வருடத்தில் முதல்முறையாகக் காரணம் புலிக்குத் தெளிவாகத் தெரிந்தது. நோட்டைத் திறந்து எழுதினார். 'குழாய் அடைப்பு. காரணம்: ஆராயப்படுகிறது.'

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் எத்தனை நாளாகச் சொட்டுகிறது? பார்த்தீர்களா, நாற்பத்திரண்டு நாள் என்று எவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறீர்கள்!