பழிப்புக்காட்டி டாக்டரின் சொந்த நடை

நோயாளிக்குப் பின்னாலேயே நடுத்தெருவில் நொண்டிக்கொண்டு போன டாக்டர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் விருதுநகரில் இருந்தார். இதை மறுப்பவர்கள் தாராளமாக என்னோடு சண்டைக்கு வரலாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கு ஒன்று உண்டு. சீமையில் வாங்கிய பட்டங்கள் அந்தப் பேருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி நீளும். பெயர்ப் பலகை எழுதிய பெயிண்டர் இடம் பற்றாமல் கடைசிப் பட்டத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பேரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. "பழிப்புக்காட்டி டாக்டர்" என்றால் போதும், ஜட்கா வண்டிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

முதுகெலும்பு ஆபரேஷன் செய்யும் டாக்டர் அவர். வந்தவரை உட்காரச் சொல்லமாட்டார், நாக்கை நீட்டச் சொல்லமாட்டார். "தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்பார். வந்தவர் நடக்க ஆரம்பித்ததும் பின்னாலேயே இவரும் கிளம்புவார். முன்னால் போகிறவர் கூனினால் இவரும் கூனுவார். அவர் இடுப்பைப் பிடித்தால் இவரும் பிடிப்பார். அவர் இரண்டு எட்டுக்கு ஒருமுறை "யப்பா" என்றால் பின்னாலிருந்தும் ஒரு "யப்பா" கேட்கும். எங்கள் பக்கம் ஒருத்தர் நடையைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவது லேசுப்பட்ட குற்றமில்லை. அதனால் நின்றுபோன கல்யாணங்களும் வெட்டுக்குத்தில் முடிந்த திருவிழாக்களும் உண்டு. அந்த ஊரில் இந்த மனிதர் அதையே வைத்தியமாகச் செய்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது கடைசி நோயாளியின் நடை அவரோடேயே போகும். அவர் வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இன்றைக்குக் கடைசியாக வந்தது இடுப்புப் பிடிப்பா, கழுத்து வலியா என்று சரியாகச் சொல்லிவிடுவார்களாம். "கல்யாணமான நாள்லருந்து இவுக சொந்த நடையில வீட்டுக்கு வந்து நான் பாத்ததில்ல" என்று அந்த அம்மா என் அம்மாவிடம் சொல்லிக் குறைப்பட்டதுண்டு.

இந்தப் பழக்கம் சீமையில் வந்ததில்லை. அவருடைய அப்பாவுக்கு ஊரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. மூட்டை தூக்குகிறவர்கள், வண்டியடிக்கிறவர்கள், ஏலம் எடுக்க வருகிறவர்கள் என்று ஒருத்தர் விடாமல் எல்லார் பின்னாலும் நடந்து காட்டி, சின்ன வயதில் டாக்டர் வாங்காத அடியில்லை. அப்புறம் மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தார், முதுகெலும்பை மட்டும் படிக்கக் கப்பலேறினார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் மாணவர்களை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நோயாளியை நடக்கவிடுவாராம். காலடிச் சத்தத்தைக் கேட்டே என்ன நோவு என்று சொல்லவேண்டும். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, நம் ஆள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், நோயாளிக்குப் பின்னால் நடந்துவிட்டு வந்து, எந்த எலும்புக்கும் எந்த எலும்புக்கும் நடுவே கோளாறு என்று சொல்லியிருக்கிறார். அன்று முதல் துரை எல்லா ஆபரேஷனுக்கும் இவரைத்தான் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாராம். ஊரில் முதுகுத்தோல் உரிய அடி வாங்கிக்கொடுத்த வித்தை அங்கே முதுகு வைத்தியமாகிவிட்டது. இதெல்லாம் டாக்டரே சொன்னது. துரை பக்கம் விசாரிக்க எனக்கு வழியில்லை.

திரும்பி வந்தபோது அவர் பெட்டியில் ஒரு முழு முதுகெலும்பு இருந்தது. கயிற்றில் பூ மாதிரிக் கோத்தது. நோயாளிகளுக்கு விளக்கம் சொல்ல அதைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறுவார். பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்காரமாட்டார்கள் என்பதால் டாக்டருக்கு எப்போதும் ஜன்னலோரம் கிடைத்துவிடும்.

அவ்வளவு படித்த மனிதர் கத்தியை எடுக்க மட்டும் மகா கஞ்சம். காரியாபட்டியிலிருந்து காரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, சாமிக்குக் காசு முடிந்துவைத்துவிட்டு, சொந்தபந்தங்களிடம் அழுது விடைபெற்று ஆபரேஷனுக்கென்றே வருவார்கள். டாக்டர் அவர்களுக்குப் பின்னால் தெருமுனை வரை போய்விட்டு வந்து, "கயித்துக் கட்டில்ல படுக்காதீக, பலகையில படுங்க" என்று அனுப்பிவிடுவார். அழுது வழியனுப்பிய சொந்தக்காரர்கள் முகத்தில் போய் எப்படி முழிப்பது என்று அவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் அவரிடம் மாட்டிய கதைக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் எனக்கு வேலை. தீபாவளி சீசன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு லேபிள் கட்டுகளோடு போய் இறங்கினேன். அங்கே ஒரே அமர்க்களம். காலையிலிருந்து சட்டை பேண்ட் போட்ட ஒருத்தர், காகிதக் குழாய் உருட்டுகிறவர்களோடு தரையில் உட்கார்ந்து தானும் உருட்டிக்கொண்டிருக்கிறாராம். முதலாளி அவரை மெட்ராஸிலிருந்து வந்த ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் என்றே முடிவுகட்டிவிட்டார். இளநீர் போனது, வடை போனது. நாற்காலி போனது, வந்தவர் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையிலேயே இருந்தார். இவ்வளவு நேர்மையான இன்ஸ்பெக்டரை முதலாளி ஆயுளில் பார்த்ததில்லை. பயத்தில் அவருக்கு வேர்த்து ஊற்றியது.

கடைசியில் வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இப்பத்தான் வந்துச்சு" என்று ஏதோ புதையல் கிடைத்த மாதிரி சிரித்தார். அவர் விருதுநகர் முதுகு டாக்டர் என்று பக்கத்தில் இருந்தவர்கள்தான் என் காதோடு சொன்னார்கள். குழாய் உருட்டுகிறவர்கள் நிறையப் பேர் அவரிடம் வைத்தியத்துக்கு வருகிறார்களாம். எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார்கள், எப்படி வலிக்கிறது என்று தெரியவில்லை, அதனால் அந்த வலியை வரவழைத்துப் பார்க்க வந்தாராம். உருட்டும் பலகையை ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள், குனிவது குறையும் என்று முதலாளியிடம் சொன்னார். இதை முதலாளி சர்க்கார் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு மறுநாளே உயர்த்திவிட்டார். கடைசிவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

நான் லேபிள் கட்டைத் தூக்கிக்கொண்டு குடோனுக்கு நடந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால் அந்த மனிதர் இடது காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வருகிறார். கம்பெனியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கால் கோளாறை நான் மறைத்துக்கொண்டு திரிந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டைக் கீழே போட்டுவிட்டு முறைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிட்டு விருதுநகருக்கு வாங்க. நாளன்னைக்கு வேண்டாம்."

என் அப்பா ஆமத்தூரில் கரிசல் காடும் முன்கோபமும் நிறைய வைத்திருந்தவர். மறுநாள் டாக்டர் என்னை மறுபடியும் தெருவில் நடக்கவிட்டுப் பின்னால் இழுத்து இழுத்து வந்ததைப் பார்த்ததும் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். துண்டு இடுப்புக்குப் போனால் அடுத்தது அடிதான். "எம்மகன் நடையப் பழிக்கவாய்யா இம்புட்டுப் படிச்சீக?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் சட்டையை எட்டிப் பிடித்தார்.

டாக்டர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "பழிக்கலைய்யா. உங்க மகன் நடைய வாங்கி நடந்து பாத்தேன். அதுல நடந்தாத்தான் எங்கன வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். தும்முனா இவருக்கு இடுப்புலருந்து பாதம் வரைக்கும் சுள்ளுனு பாயும். ராத்திரி காலை நீட்டிப் படுக்க முடியாது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரு."

அப்பா என்னைப் பார்த்தார். "ஏலே, நெசமாவா?"

நான் தலையாட்டினேன். முந்தின வாரம்தான் ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்து, ஒற்றைச் செருப்போடு பிரஸ் வரை போயிருந்தேன். அப்பாவின் கை சட்டையிலிருந்து மெல்ல இறங்கியது.

டாக்டர் இலையில் இரண்டு இட்லி வாங்கிவரச் சொன்னார். ஒன்றின் மேல் கெட்டிச் சட்னி வைத்து, மற்றதை மேலே வைத்து அமுக்கினார். சட்னி பின்பக்கம் பிதுங்கியது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை இப்படித்தான் பிதுங்கிக் காலுக்குப் போகிற நரம்பை நெரிக்கிறது, உடனே எடுக்காவிட்டால் கால் போய்விடும், அடுத்த காலும் போகலாம் என்றார். அப்பா அன்றிலிருந்து சட்னியை இட்லிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிட்டார், மேலே ஊற்றவிடவே இல்லை.

முதுகில் கத்தி வைத்தால் ஆள் எழுந்திருக்கமாட்டான் என்று ஊரே பேசியது. அப்பா டாக்டரிடம் ஒரே ஒரு சத்தியம் கேட்டார், மகன் நடப்பான் என்று. டாக்டர் மாட்டேன் என்றுவிட்டார். "என் கை தப்பு பண்ணாதுன்னு வேணாச் சத்தியம் பண்ணுறேன். நரம்பு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்குச் சத்தியம் பண்ணுறவன் கையில உங்க மகனக் குடுக்காதீக." அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சரி என்றார். எனக்கோ அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

ஆபரேஷன் மதுரையில். அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவின் ஓரத்தில் டாக்டர் கண்ணை மூடி நின்றுகொண்டு, வெறுங்கையால் காற்றில் என்னவோ செய்துகொண்டிருந்தார். பிரித்தார், ஒதுக்கினார், நுனிவிரலால் எதையோ எடுத்தார், தைத்தார். ஆபரேஷன் முழுவதையும் ஒருமுறை கையிலேயே செய்துபார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார் என்பது அப்பாவுக்குத் தெரியாது. சீமை மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, பின்னால் தானும் கைகூப்பி நின்றார். டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் தானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். "எம்புட்டுப் பக்தி" என்று அப்பா உருகிப்போனார்.

மயக்கம் தெளிந்தபோது கட்டிலின் கால்மாட்டில் டாக்டர் நின்றார். இடது கால் கட்டைவிரலை ஆட்டச் சொன்னார். நான் ஆட்டினேன். அது ஆடவில்லை. அப்பா டாக்டர் முகத்தைப் பார்த்தார். "மெத்தையை எடுத்தாச்சு. நரம்பு நசுங்கித்தான் இருந்துச்சு, அறுந்துபோகல. காத்திருக்கணும்" என்றார் டாக்டர். தேற்றுவதற்காகக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அதற்கப்புறம் தினமும் காலையில் நேராக என் கால்மாட்டுக்கு வருவார். என்னைப் பார்க்கமாட்டார். கட்டைவிரலிடம் குனிந்து, "அய்யா எந்திரிச்சாச்சா?" என்று மரியாதையாகக் கேட்பார். பதில் இல்லையென்றால், "சரி, தூங்குங்க. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். நாளடைவில் வார்டு முழுக்க என் கட்டைவிரலுக்குச் சொந்தபந்தமாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள், நர்சம்மா, கூட்டுகிற ஆயா, எல்லோரும் "அய்யா எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் ஒருத்தன் மேலே படுத்திருக்கிறேன் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. விளக்கணைத்த பிறகு எனக்கு மட்டும் அழுகை வரும்.

ஒருநாள் காலை டாக்டர் வழக்கம்போல் குனிந்து கேட்டார். அய்யா ஆடினார். ரொம்ப இல்லை, உறக்கத்தில் தலையாட்டுகிற அளவுக்குத்தான். டாக்டர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வணக்கம்" என்றார், விரலைப் பார்த்துத்தான். அப்பா வெளியே ஓடிப்போய்ப் பெரிய பொட்டலமாகக் காராச்சேவு வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். கஞ்சி தவிர எதுவும் தரக்கூடாது என்றிருந்தவர்களுக்கும் ஒரு கை கொடுத்தார். நர்சம்மா அவரைப் படிவரை துரத்திக்கொண்டு போனார்கள்.

எழுந்து, பிடித்து நடந்து, கம்பூன்றி நடந்து, ஒருவழியாக விருதுநகரில் டாக்டர் வாசலுக்கு மறுபடியும் வந்து சேர்ந்தேன். கம்பை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். "தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயம். நான் எப்படி நடக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் காட்டக்கூடிய ஒரே கண்ணாடி பின்னால் வந்துகொண்டிருந்தது. தெருமுனையில் வேறு வழியில்லாமல் திரும்பினேன்.

டாக்டர் நிமிர்ந்து வந்துகொண்டிருந்தார். சாயவில்லை, இழுக்கவில்லை. இரண்டு பாதமும் தரையை விட்டு நன்றாக எழுந்து எழுந்து இறங்கின. கைவீசிக்கொண்டு வந்தார்.

வாசலில் நின்ற அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏலே, டாக்டரு இன்னைக்கு எம்புட்டு அழகா நடக்குறாக, பாத்தியா?"

அன்று கடைசி நோயாளி நான்தான். சாயங்காலம் தெருவில் நிமிர்ந்து நடந்து வந்த மனிதரை ஜன்னல் வழியாகப் பார்த்த வீட்டம்மா, யாரோ விருந்தாளி என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார்களாம்.

டாக்டர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தத் தெருவில் இப்போதும் நடக்கிறேன். வயதுக்கு ஏற்ற ஆட்டம் நடையில் வந்துவிட்டது. தெருமுனை வந்ததும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் ஒருவரும் பழிப்புக் காட்டாததைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.