முதல் கப்பல்காரர்

உலகத்தில் முதல் கப்பல்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கப்பலில் வந்தவர்கள் அல்ல; வந்தவர்களின் பேரன்மார். தாத்தா புது நாடு தேடி மூன்று மாதம் கடலில் வாந்தியெடுத்து, முதல் பனிக்காலத்தில் பாதிக் குடும்பத்தைப் புதைத்து, அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கொடுத்த சோளத்தைத் தின்று உயிர் பிழைத்திருப்பார். பேரனோ சோளம் கொடுத்தவர்களின் நிலத்துக்கே வேலி போட்டு வைத்துக்கொண்டு, "இந்த ஊரே எங்க தாத்தா போட்டது" என்பார். எங்கள் மாசசூசெட்ஸில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழவேண்டும். இவர்கள் சொல்லும் தாத்தாக்கள் எல்லோரும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும்.

எங்கள் ஃபெர்ன்லி ஊரில் அந்த இனத்துக்கு ஒபதியா திராஸ்க் என்று பெயர். புதிதாக ஒருவர் குடிவந்தால், "சௌக்கியமா?" என்று கேட்கமாட்டார், "நீங்க எந்தக் கப்பல்?" என்பார்.

சபைக்கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கும் மூவர் குழுவில் நானும் ஒருவன். ஒபதியாவுக்கு முதல் வரிசையே கொடுத்திருந்தோம். போதுமா? அந்த வரிசைக்கு முன்னால், போதகர் மேடைக்கு அடியில், ஒரு முக்காலி கிடந்தது. சோப்புக் காய்ச்சும் விதவை கேத்தூராளுக்குக் காது மந்தம். அவள் பிரசங்கம் கேட்பதற்காகப் போட்டது.

"ஏம்ப்பா, முதல் வரிசைன்னா அதுக்கு முன்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல?" என்றார் ஒபதியா என்னிடம்.

"அந்தம்மாவுக்குக் காது கேக்காதுங்க."

"எங்க தாத்தா முதல் கப்பல்ல வந்தது, சோப்புக் காய்ச்சுறவ முதுகப் பாக்கவா?"

பணிந்தோம். மூன்று கோழைகள். முக்காலி கதவோரம் போனது. கேத்தூராள் இரண்டு ஞாயிறு போதகரின் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் வருவதை நிறுத்திவிட்டாள். எங்கள் ஊர்ச் சட்டப்படி சபைக்கு வராதது குற்றம். புகார் கொடுத்தது யார்? ஒபதியாதான்.

தண்டனை, எல்லோரும் பார்க்க மேடைக்கு அடியில் பிரசங்கம் முடியும்வரை நிற்பது. அறுபத்தெட்டு வயதுக்காரி இரண்டரை மணி நேரம் நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் தப்ப உணர்ந்தியாம்மா?" என்று போதகர் உரக்கக் கேட்டார்.

"உணர்ந்தேனுங்க ஐயா. ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்துச்சு. அடுத்த வாரமும் வராம இருந்துட்டா, இங்கயே நிக்க வைப்பீங்கல்ல?"

அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலையில் ஒபதியா என் வீட்டு வாசலில் நின்றார். "ரெண்டரை மணி நேரம் எனக்கு முன்னாடி நின்னிருக்கா!"

"அது தண்டனைங்க."

"எதுவா இருந்தா என்ன? முன்னாடிதான நின்னா?"

குற்றவாளிகள் நிற்கும் இடத்தில் தம் பெஞ்சைப் போட வேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக என் மூளை வேலை செய்தது. அவர் மனசு மாறுவதற்குள் அனுமதி எழுதிக் கொடுத்தேன். முதல் வரிசையில் காலியான இடத்தைக் குழு கேத்தூராளுக்குக் கொடுத்தது.

இப்போது ஒபதியா மேடையின் சுவரை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போதகர் முகம் தெரியாது. எச்சில் மட்டும் வந்து சேரும். நெஞ்சு நிமிர்ந்தே இருக்கிறது. போன வாரம் போஸ்டனிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் என் காதோரம் குனிந்தார்.

"பாவம், அந்த மனுஷன் என்ன குத்தம் பண்ணினாரு?"

"அவங்க தாத்தா முதல் கப்பல்ல வந்துட்டாருங்க."

சிரிக்கிறீர்களா வாசகரே? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை ஏதாவது கூட்டத்துக்குள் நுழையும்போது உங்கள் கண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். அது முதலில் தேடுவது மேடையில் பேசுகிறவரையா, உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரையா?