அல்லோரா என்று மூச்சிழுப்பவர்

இத்தாலியில் எங்கள் ஃபெராரா ஊரில் ஓர் இனம் உண்டு, வாசகரே, அல்லோரா இனம். தமிழில் ‘சரி, அப்போ…’ என்று இழுப்பீர்களே, அதுதான் அல்லோரா. மற்றவர்கள் அதைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவர்களுக்கு அதைச் சொல்வதே வேலை.

என் மைத்துனி லொரெட்டாவை எட்டு வருஷமாகக் காதலிக்கும் எத்தோரே இந்த இனத்தில் மகா கெட்டிக்காரன். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வருவான், பரங்கிக்காய் அடைத்த கப்பெல்லாச்சி பாஸ்தாவை இரண்டு தட்டு காலி செய்வான், காபி குடிப்பான், கைத்துணியை நான்காக மடிப்பான், பிறகு இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, “அல்லோரா…” என்பான். மாமியார் மெல்லுவதை நிறுத்துவார். மாமனார் டிவி சத்தத்தைக் குறைப்பார். லொரெட்டா காதோர முடியைச் சரிசெய்துகொள்வாள்.

“அல்லோரா… வெயில் எறங்கிடுச்சு, கெளம்பறேன்.”

கிளம்பினானா? அதுதான் இல்லை. வாசலில் ஓர் அல்லோரா, மாடிப்படியில் ஒன்று, சைக்கிளில் ஒரு காலைப் போட்டபடி இன்னொன்று. மாமனார் டிவி சத்தத்தை மறுபடி கூட்டிவிடுவார்.

சென்ற மார்ச்சில் லொரெட்டாவுக்குத் திரியெஸ்தே நகரில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கள் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘போகாதே’ என்றோ ‘நானும் வருகிறேன்’ என்றோ அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று அவள் காத்திருந்தாள். அது எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஞாயிறு வந்தது. காபி. கைத்துணி. மூச்சு.

“அல்லோரா…”

“சொல்லுப்பா,” என்றார் மாமியார்.

“அல்லோரா… திரியெஸ்தேல காத்து ரொம்ப அடிக்குமாமே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத் தட்டோடு தூக்கி வெளியே வைத்திருப்பேன். லொரெட்டா கோபப்படவே இல்லை. அவளும் கைத்துணியை நான்காக மடித்தாள், மேஜைமேல் கையூன்றினாள்.

“அல்லோரா, நான் போறேன். ஒண்ணாந்தேதி காலைல ஏழு பத்து ரயில். வரதுன்னா வா. வரலேன்னா நல்லா இரு.”

ஒன்றாம் தேதி அவளை ஸ்டேஷனில் விட நான்தான் போனேன். ஏழு எட்டுக்கு எத்தோரே ஓடிவந்தான், இரண்டு பெட்டியோடு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ரயில் படியில் நின்ற லொரெட்டாவைப் பார்த்தான். பெட்டிகளைக் கீழே வைத்தான். நெஞ்சு நிறைய மூச்சிழுத்தான்.

“அல்லோ…”

அவள் ஒரு கையால் அவன் வாயைப் பொத்தி, மறு கையால் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பெட்டிகளை நான்தான் தூக்கிப் போட்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் ‘சரி, அப்போ…’ என்று முழங்காலில் கையூன்றி எழுந்துவிட்டு, யார் வீட்டு கேட்டருகில் முக்கால் மணி நேரம் நின்றீர்கள்? அங்கே ஒருவர் உங்கள் முகத்தையே பார்த்துக் காத்திருக்க, நீங்கள் வெயிலைப் பற்றித்தானே பேசிவிட்டு வந்தீர்கள்?