அஞ்சு கால் பின்னல்

எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன ஜெயிக்கிற வரைக்கும் காபியத் தொட மாட்டேன்னு சபதம் போட்டேன். மறுநாளே டீக்கு மாறிட்டேன். சபதம்னா சபதம்!

விஷயம் இதுதான். மகளுக்கு ஸ்கூல் பஸ் வர்ற நேரம். என் பொண்டாட்டி சீப்பும் கையுமா பெருமூச்சு விட்டா.

"எலெக்ட்ரீஷியன் பொண்ணுக்கு அவரேதான் தலை பின்னி விடுறாராம். முடிய அஞ்சாப் பிரிச்சு, பாய் பின்னுற மாதிரி அஞ்சு கால் பின்னல்! அடடா, கையா அது?"

"ஒயர் முறுக்குற கைதானே?"

"ஏங்க எரிஞ்சு விழுறீங்க? எல்லாராலயும் முடியுமா? உங்களுக்கு ஷூ லேஸே கட்ட வராது."

வயிறு எரிஞ்சுது பாருங்க, மேல பாத்திரம் வெச்சிருந்தா தண்ணி கொதிச்சிருக்கும்.

நான் எதையும் முழுசா கத்துக்கிட்டவன் இல்ல. காலேஜ் ரெண்டாவது வருஷத்துல நின்னுது. கிடார் மூணாவது கம்பியில நின்னுது. நீச்சல் முட்டியளவு தண்ணியில நின்னுது. ஆனா பொறாமை மாதிரி ஒரு வாத்தியார் எந்தக் காலேஜ்லயும் இல்ல!

முதல்ல தரை தொடைக்கிற மாப்புக்குப் பின்னினேன். ஒரு மாசத்துல வீட்டுல இருந்த சார்ஜர் ஒயரெல்லாம் சடை போட்டுக்கிட்டுத் தொங்குச்சு. அடுத்து மகள் தலை.

"அப்பா, வலிக்குது!"

"எலெக்ட்ரீஷியன் பொண்ணு இப்படியா அழுறா?"

"எனக்கெப்படித் தெரியும்? அவ வேற பஸ்ஸு!"

ஆரம்பத்துல நான் எடுத்த வகிடு காதுல கிளம்பி மூக்குக்குப் போச்சு. மூணாவது மாசம் வழிக்கு வந்துது. அஞ்சாவது மாசம், ஸ்கேலே என்கிட்ட வந்து கத்துக்கணும். கண்ண மூடிக்கிட்டே சிக்கெடுப்பேன். பொண்டாட்டி பக்கத்துல கால் நீட்டி உக்காந்து, நிதானமா காபி குடிப்பா.

"பரவாயில்ல. ஆனா அவர் அளவுக்கு இன்னும்..."ன்னு இழுப்பா. எனக்கு மறுபடி பாத்திரம் கொதிக்கும்.

ஆறாவது மாசம் மகளக் கூட்டிக்கிட்டு நேரா எதிர்வீடு. எலெக்ட்ரீஷியன் கதவத் திறந்ததும், மகளத் திருப்பி நிறுத்திச் சடையக் காட்டினேன்.

"பாருங்க! உங்களால இப்படிப் பின்ன முடியுமா?"

அவன் வாயப் பொளந்துட்டான். "எனக்குப் பின்னவே தெரியாதுண்ணே. பாப்பாவுக்கு அவங்க அம்மாதான் பின்னும்."

"என்னது?"

"நீங்க வேற! உங்களால இங்க என் இடுப்பு போச்சு. 'எதிர்வீட்டுக்காரர் பாத்ரூம் கழுவினா தரையில முகம் பாக்கலாம்'னு என் வீட்டுக்காரி தினம் உங்க புராணந்தான். ஆறு மாசமாத் தேய்க்கிறேண்ணே. இன்னும் மூக்கு மட்டுந்தான் தெரியுது."

எங்க பாத்ரூம் பிரஷ் என்ன கலர்னு கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பாய்ஞ்சு வந்தேன். அவ அப்பவும் காபிதான்.

"அந்தம்மாவும் நீயும் கூட்டா? எத்தனை நாளா நடக்குது இந்த வேலை?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து." கப்பு கூட ஆடல. "முதல் ரெண்டு வருஷம் கை படியவே இல்ல. அப்புறம் உங்கள மாதிரிதான், விடாமப் பழகினேன்."

அந்த நேரம் பாத்து மாடி வீட்டு பல் டாக்டர் படியிறங்கிப் போனார். இவ கண்ணு அவர் காலர் மேல.

"எப்படி நிக்குது பாத்தீங்களா? சட்டைய அவரேதான் தேய்ச்சுக்கிறாராம். என்ன கையோ!"

இந்தத் தடவை நான் ஏமாறல. இஸ்திரிப் பெட்டி எங்க இருக்குன்னு மட்டும் கேட்டேன்.